இருக்கிற இடம் தெரியாமல்

வந்துவிடுவார். தஞ்சாவூரிலிருந்து வருகிற பஸ் துவாக்குடிப் பக்கம் எப்போதும் நின்று நின்றுதான் வரும், ஞாயிற்றுக்கிழமை வேறு, முகூர்த்த நாள் வேறு, பாதி ஜனம் ரோட்டில்தான் இருக்கும், வந்துவிடுவார். போனை மேஜை மேல் கவிழ்த்து வைத்திருக்கிறேன். நிமிர்த்தி வைத்தால் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன் என்றுதான் கவிழ்த்தேன், இப்போது அதன் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சர்வர் இரண்டு டம்ளரில் தண்ணீர் வைத்துவிட்டுப் போனார், ஒன்று எனக்கு, ஒன்று எதிர் நாற்காலிக்கு. எதிர் நாற்காலியில் யாரும் இல்லை. அதற்குப் பக்கத்திலும் யாரும் இல்லை. என் பக்கத்து நாற்காலியில் என் கைப்பை உட்கார்ந்திருக்கிறது. நாலு பேர் மேஜையில் நான் ஒருத்தி, அதுவும் தில்லை நகரில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மீல்ஸ் நேரத்தில். ஏ.சி. ஹாலில் வேறு எங்கேயும் இடம் இல்லை. சாப்பிடுகிற ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் இன்னொரு குடும்பம் நிற்கிறது, எப்போது மோர் ஊற்றிக்கொள்வார்கள், எப்போது இலையை மடிப்பார்கள் என்று பார்த்துக்கொண்டு. என் பின்னாலும் நிற்கிறார்கள். ஒரு ஆள், அவர் மனைவி, மனைவியின் இடுப்பில் ஒரு சின்னப் பெண். உட்காரும்போது ஒரு தடவை பார்த்தது, அதற்குப் பிறகு திரும்பவில்லை, ஆனால் முதுகுக்குத் தெரிகிறது. அந்த ஆளின் கை என் நாற்காலியின் சாய்மானத்தில் இருக்கிறது. நான் சாய்ந்தால் அவர் விரலில் படும். அதனால் சாயாமல், ஏதோ பரீட்சை எழுதுகிறவள் மாதிரி, விறைப்பாக உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து இடத்தைக் கொடுத்துவிட்டு வாசலில் நின்றால் என்ன? வந்ததும் இரண்டு பேருமாக வேறு இடம் பார்த்துக்கொள்ளலாமே. குழந்தையை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறேன். பார், பழைய புத்தி ஆரம்பித்துவிட்டது.

கருணாகரன் என்று பெயர். கல்லூரி நூலகர். மனைவி சில வருஷத்துக்கு முன்னால் இறந்துவிட்டார். மறுமணத்துக்கான இணையதளத்தில் அவர்தான் முதலில் எழுதினார், அப்புறம் போனில் பேசினோம், ஒரு மாதமாகப் பேசுகிறோம். "பஜ்ஜி சொஜ்ஜி எல்லாம் நமக்கு வேணாங்க, ரெண்டு பேரும் நேர்ல பாத்து ஒரு நேரம் சேர்ந்து சாப்பிடுவோம், பிடிச்சிருந்தா மத்தவங்ககிட்ட சொல்லிக்கலாம்" என்றார். நல்ல ஏற்பாடுதான் என்று தோன்றியது. போன வாரம் நான் ஏதோ சொன்னதற்கு வாய்விட்டுச் சிரித்தார், போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. நான் சொன்னதற்கு ஒருத்தர் சிரித்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அன்று ராத்திரி சமைக்கும்போது நானே அதை ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன், அவ்வளவு சிரிப்பு அதில் எங்கே இருக்கிறது என்று. இணையதளத்தில் இருக்கிற என் போட்டோ தம்பி கல்யாணத்தில் எடுத்தது. அதில் தலை நிறையப் பூ, கன்னத்தில் யாரோ தடவிவிட்ட பவுடர். இப்போது முன்நெற்றியில் நரை இருக்கிறது. மை அடித்துக்கொண்டு வந்திருக்கலாம். வேண்டாம், இருப்பதுதானே நான் என்று காலையில் கண்ணாடி முன்னால் நின்று பெரிய ஆள் மாதிரி சொல்லிக்கொண்டேன். காலையில் சொன்னது மத்தியானத்துக்கு வருவதில்லை.

என் பெயர் மட்டுவார்குழலி. மலைக்கோட்டை அம்மன் பெயர். பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுக்கும்போது அந்த இடம் வந்தால் டீச்சருக்கே சிரிப்பு வரும். வீட்டில் குழலி. எங்கள் வீட்டில் குழலி என்று சத்தமாக யாரும் கூப்பிட்டதாக ஞாபகம் இல்லை, கூப்பிட வேண்டிய அவசியமே வராது, கூப்பிடுவதற்கு முன்னால் போய் நிற்பேன். தம்பிக்கு வீசிங். மழை பெய்தால், ஒட்டடை அடித்தால், பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால், அவனுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும், அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார், அம்மா பின்னாலேயே ஓடுவாள், நான் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னால் ஓடுவேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் படுத்துத் தூங்கிவிடுவேன். நர்ஸ் கேட்டால் அம்மா சொல்வாள், "இது ஒண்ணும் தொந்தரவு பண்ணாது சிஸ்டர், இருக்கற இடமே தெரியாது." எவ்வளவு பெருமையாகச் சொல்வாள். எனக்கும் எவ்வளவு பெருமையாக இருக்கும். மூணாவது படிக்கும்போது எனக்கே ஜுரம் வந்தது, சொல்லவில்லை, தம்பி அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தான். காதுகூடச் சுட்டது. போர்வையைப் போர்த்திக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன், காலையில் அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு "ஏண்டி சொல்லல, ஏண்டி சொல்லல" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்புறம் அதையும் எல்லாரிடமும் சொன்னாள், பாருங்க எப்படிப்பட்ட பிள்ளைன்னு. அம்மாவைக் குற்றம் சொல்ல முடியாது. அவளுக்கு இரண்டு கைதான், இரண்டிலும் அவன் இருந்தான்.

"மேடம், இந்த சீட்டு காலிங்களா?"

அந்த ஆள்தான். குனிந்து, மரியாதையாகத்தான் கேட்கிறார். "இல்லங்க, ஆள் வர்றாங்க." "மூணு பேரா?" "ஒருத்தர்." ஒருத்தர் என்று சொன்னதும் அவர் இரண்டு காலி நாற்காலிகளைப் பார்த்தார், என் கைப்பையைப் பார்த்தார். கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். முகம் சூடாகிறது. இந்தச் சூடு எனக்குத் தெரியும், கழுத்தில் ஆரம்பித்துக் காதுக்கு ஏறும். கவுன்சிலிங்கில் ரெஜினா மேடம் கேட்பார், உடம்புல எங்க தெரியுது குழலி என்று. முதலில் அந்தக் கேள்வியே எனக்குப் புரியவில்லை. உடம்பில் எங்கே என்றால்? மனசுக்கு வந்ததை உடம்பில் எப்படித் தேடுவது? இப்போது தெரிகிறது, கழுத்தில், காதில், அப்புறம் வயிற்றில் ஒரு பள்ளம், லிஃப்ட் சட்டென்று இறங்குவது மாதிரி. போனைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நான் போன் செய்யலாம். செய்தால் அவசரப்படுத்துகிற மாதிரி ஆகிவிடும். அவசரப்படுத்துகிறவள் என்று நினைத்துவிட்டால்? பஸ்ஸில் சத்தத்தில் கேட்காது. செய்யாமல் இருந்தால் அக்கறை இல்லாதவள் என்று நினைப்பார். எதைச் செய்தாலும் அவர் என்னைப் பற்றி ஒன்று நினைத்துவிடுவார், அப்படி நினைப்பதற்கென்றே ஒரு ஆள் எனக்குள் எப்போதும் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கு எந்த முகம் வேண்டுமானாலும் பொருந்தும், இன்றைக்குக் கருணாகரன் முகம், நேற்று வரைக்கும் நந்தகோபால் முகம்.

நந்தகோபால் என்னை அடித்ததில்லை, திட்டினதுகூட இல்லை. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அப்புறம் எதுக்கு விவாகரத்து என்பார்கள், என் அத்தையே கேட்டாள். கல்யாணமாகி முதல் வருஷம் சாப்பிடும்போது பேசுவார், அடுத்த வருஷம் தலையாட்டுவார், அதற்கப்புறம் போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய் ஃபேனைக் கூட்டிவைப்பார், வந்து உட்கார்ந்தால் எங்கே விட்டோம் என்று கேட்கமாட்டார். நானும் விட்ட இடத்தை விட்டுவிடுவேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இங்க பாரு, அவ்வளவுதான். புதுசாக ஒரு குழம்பு, புதுசாக ஒரு புடவை, ஒரு தடவை முடியைக்கூட வெட்டிக்கொண்டேன், அவருக்குத் தெரியவே இல்லை. ஒரு நாள் சோபாவில் உட்கார்ந்து, டீயைக் குடித்து முடித்து, டம்ளரை ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னார், "உங்கிட்ட குறைன்னு ஒண்ணும் இல்ல. எனக்கு உன்னப் பாத்தா ஒண்ணுமே தோணல. அவ்வளவுதான்." குறை என்று ஒன்றைச் சொல்லியிருந்தால் பிடித்துக்கொண்டிருப்பேன், அதைச் சரி பண்ணியிருப்பேன், ராத்திரி பகலாக உட்கார்ந்து சரி பண்ணியிருப்பேன். ஒண்ணுமே இல்லை என்றால் எதைச் சரி பண்ணுவது? நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவால்ல" என்றேன். அவர் டம்ளரை எடுத்துப்போய்க் கழுவி வைத்தேன். அவருக்கு இப்போது வேறு குடும்பம், குழந்தை. அந்த வாக்கியம் மட்டும் என்னோடு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில், பஸ்ஸில், குளிக்கும்போது. யாராவது பேசிக்கொண்டே பார்வையைத் திருப்பினால் போதும், இவங்களுக்கும் ஒண்ணும் தோணல.

கண் ஆஸ்பத்திரியில் எனக்குப் பார்வை சோதிக்கிற வேலை. ஒரு கண்ணாடியைப் போட்டு, எடுத்து, இன்னொன்றைப் போட்டு, இதுல தெளிவா, அதுல தெளிவா என்று நாள் முழுக்கக் கேட்கிற வேலை. ஒரு நாள் ஒரு பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து, "ரெண்டும் ஒண்ணுதாம்மா, எனக்கு ஒண்ணும் தோணல" என்றார். அவர் கண்ணைப் பற்றிச் சொன்னார். என் கையிலிருந்து லென்ஸ் கீழே விழுந்துவிட்டது, ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அன்றைக்கு டியூட்டியில் இருந்த டாக்டரம்மாதான் ரெஜினா மேடம் நம்பரைக் கொடுத்தார். கவுன்சிலிங் என்றால் பைத்தியத்துக்கு என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். புத்தூரில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே சின்ன ரூம். கீழே மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். என்னைவிட வயசில் சின்னவர், அன்றைக்கு ஜலதோஷம் பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார், இவரா என்று இருந்தது. பேச ஆரம்பித்ததும் அழுதேன், அழுததற்கு சாரி சொன்னேன், சாரி சொன்னதற்கும் சாரி சொன்னேன். கண்ணைத் துடைத்த டிஷ்யூவை என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அவர் பார்த்துவிட்டார். "குப்பைத்தொட்டி உங்க கால்கிட்டயே இருக்கே குழலி." "பரவால்ல மேடம், நான் வீட்ல போட்டுக்கறேன்." அவர் சிரிக்கவில்லை. "இந்த ரூம்ல உங்க கண்ணீர்கூட தங்கிடக் கூடாதுன்னு பாக்கறீங்களா?" என்றார். அதற்கு நான் அழுத அழுகையை அதற்கு முன்னால் அழுததில்லை.

ஒரே நாளில் ஒன்றும் மாறவில்லை. நந்தகோபால் வாக்கியத்தை அந்த ரூமில் ஒரு தடவை சத்தமாகச் சொல்லச் சொன்னார், சொன்னேன். "இதுல உங்களப் பத்தி என்ன தெரியுது?" என்று கேட்டார். "நான் ஒண்ணுமில்லன்னு தெரியுது." "அப்படியா சொன்னார்? தோணலன்னுதானே சொன்னார். தோணாதது யாருக்கு?" எனக்குக் கோபம்தான் வந்தது. வார்த்தையை வைத்து விளையாடுகிறார்கள் என்று படி இறங்கும்போது நினைத்தேன். உண்மையில் ஏதோ ஒன்று நகர்ந்தது அதில் இல்லை, அதற்கப்புறம் நடந்ததில். ஒரு வாரம் ரெஜினா மேடம் கடைசி நிமிஷத்தில் வர முடியாது என்று மெசேஜ் அனுப்பினார். நான் "பரவால்ல மேடம்" என்று ஒரு பூவோடு பதில் போட்டேன். அதற்கப்புறம் போகவில்லை. போனை எடுக்கவில்லை. அவருக்கும் என்னைப் பார்த்துச் சலித்துவிட்டது, வேறு என்ன, எத்தனை நாள் ஒரே அழுகையைக் கேட்பார். கடைசியில் அவரை நேரில் பார்த்து, இனிமேல் வரவில்லை என்று நல்லபடியாகச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன், ஆனால் உட்கார்ந்ததும் வாயிலிருந்து வந்தது வேறு, "நீங்க அன்னிக்கு வராதது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. கோபமா இருந்துச்சு." சொல்லிவிட்டு எழுந்து ஓடத் தயாராக உட்கார்ந்திருந்தேன். அவர் நிதானமாகச் சொன்னார், "கஷ்டமாத்தான் இருந்திருக்கும். கடைசி நேரத்துல சொன்னது என் தப்பு. நீங்க இத வந்து என்கிட்ட சொன்னது எனக்கு முக்கியம்." அவ்வளவுதான். கூரை இடிந்து விழவில்லை. ஒருத்தர் மேல் எனக்குக் கோபம் வந்து, அதை அவரிடம் சொல்லி, அதற்கப்புறமும் அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். எனக்கு நாற்பது நெருங்குகிறது, அப்படி ஒன்று நடக்கும் என்று அதுவரை யாரும் எனக்குக் காட்டவில்லை.

"மேடம், ஒருத்தர்தான்னா அந்தத் தூண் பக்கத்துல ஒரு சின்ன டேபிள் இருக்கு. கொஞ்சம் மாறிக்கிறீங்களா? ஃபேமிலி நிக்கிறாங்க."

சூப்பர்வைசர். நெற்றியில் விபூதி, கையில் சாப்பாட்டு டோக்கன் கட்டு. தூண் பக்கத்து மேஜை கை கழுவுகிற இடத்தை ஒட்டி இருக்கிறது, அங்கே உட்கார்ந்தால் வாசலிலிருந்து வருகிற யாருக்கும் நான் தெரியமாட்டேன். நான் எழுந்துவிட்டேன். கைப்பை தோளுக்கு வந்துவிட்டது, நாக்கில் பரவால்ல என்ற அந்த வார்த்தை வந்து உட்கார்ந்துவிட்டது, கால் தானாக நகர்ந்துவிட்டது. நின்றபடியே ஒரு மூச்சு விட்டேன். இப்போ உனக்கு என்ன வேணும், இந்த இடத்துல உனக்கு என்ன வேணும் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். எனக்கு இங்கே உட்கார வேண்டும். ஒருத்தர் என்னைப் பார்க்க வருகிறார், அவர் உள்ளே நுழைந்ததும் நான் அவர் கண்ணில் பட வேண்டும். "இல்லங்க, ரெண்டு பேரு. அவங்க வந்துடட்டும், இங்கயே இருக்கேன்" என்றேன். குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது. சூப்பர்வைசர் "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார், அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. உட்கார்ந்தேன். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். அந்த ஆள் கையை எடுத்துக்கொண்டார். அப்போது போன் அடித்தது.

"குழலிங்களா? நான் கருணாகரன்." பின்னால் பஸ் இன்ஜின் உறுமுகிற சத்தம். "சொல்லுங்க, எங்க வந்துக்கிட்டு இருக்கீங்க?" "நான் திரும்பித் தஞ்சாவூருக்குப் போற பஸ்ல ஏறிட்டேங்க. மன்னிச்சுக்கங்க. இது சரிப்பட்டு வராதுன்னு தோணுது." திரும்பி என்கிறாரே. திருச்சிக்கு வந்துவிட்டுத் திரும்பியா? கேட்காதே. கேட்காமல் விட்டால் எத்தனை வருஷம் இதைச் சுமப்பாய். கேட்டால் அவர் சொல்லிவிடுவார். "இங்க ஹோட்டலுக்கு வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டேன். "வாசல் வரைக்கும் வந்தேன்." "என்னப் பாத்தீங்களா?" இன்ஜின் சத்தம். கண்டக்டர் யாரையோ உள்ளே தள்ளிப் போகச் சொல்கிறார். "பாத்தேங்க. கண்ணாடி வழியா. உங்க மேல தப்பு ஒண்ணும் இல்ல. எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல." அதே வாக்கியம். ஊர் வேறு, குரல் வேறு, வாக்கியம் அதேதான். பரவால்ல என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. திறந்த வாய் வேறு ஒன்றைச் சொன்னது. "உள்ள வந்து சொல்லிருக்கலாம் நீங்க. இவ்வளவு நேரம் காக்க வச்சது எனக்குக் கஷ்டமா இருக்கு." "ஆமாங்க. செஞ்சிருக்கணும். தைரியம் வரல." "சரி. வச்சுடறேன்" என்றேன். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, திட்டவும் இல்லை. வைத்துவிட்டேன்.

பார்த்தாராம். என்ன பார்த்தார்? நரையைப் பார்த்தாரா, விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாரா, போன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பொம்பளையைப் பார்த்தாரா? மை அடித்திருந்தால்? சாய்ந்து உட்கார்ந்திருந்தால்? இந்தப் புடவை வேண்டாம் என்று அப்போதே நினைத்தேனே. எனக்குள் உட்கார்ந்திருக்கிறவன் வேலையை ஆரம்பித்துவிட்டான், ஒவ்வொன்றாக எடுத்துப் போடுகிறான், இதுல தெளிவா, அதுல தெளிவா. அவன் பேசட்டும். பேசாமல் இருக்க அவனால் முடியாது. அவன் சொல்வதெல்லாம் எனக்குக் கேட்கிறது, வலிக்கிறது, ஆனால் அந்த மனுஷர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று எதைப் பார்த்தார் என்று அவனுக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரியாமலேதான் போகப்போகிறது. கண்ணில் தண்ணீர் இறங்கிவிட்டது, எல்லார் முன்னாலும். வலது கையில் கர்ச்சீப், இடது கையில் போன். திரும்பி, "வாங்க, உக்காருங்க, மூணு சீட் இருக்கு. நானும் சாப்பிடத்தான் போறேன்" என்றேன்.

அந்த ஆள் தயங்கினார். மனைவி தயங்கவில்லை, குழந்தையைத் தூக்கி என் எதிரே உட்காரவைத்து, தான் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். சர்வர் வரிசையாக இலை போட்டுப் பொரியல், கூட்டு, அப்பளம் எல்லாம் வைத்துவிட்டுப் போனார். "அப்பளம் நமத்துப்போயிடும்கா, சாப்பிடுங்க" என்றாள் மெதுவாக. குழந்தைதான் விடவில்லை. "அம்மா, ஏன் இந்த அத்த அழுவுறாங்க?" "சும்மா இரு, யாழினி." "பரவால்ல" என்றேன். இந்தத் தடவை நிஜமாகவே பரவாயில்லை. "ஒருத்தர் வர்றேன்னு சொல்லிட்டு வரலம்மா. அதான் அழுவுறேன்." குழந்தை அதைக் கொஞ்ச நேரம் யோசித்தது. "அப்ப அவங்க பாயசத்த யாரு குடிப்பா?" அவள் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எனக்கும் வந்துவிட்டது, அழுகையும் நிற்கவில்லை. "நீயே குடி" என்றேன்.

சாதம் போட்டு வத்தக்குழம்பு ஊற்றினார்கள். அம்மாவுக்குப் போன் செய்தேன். முசிறியில் தம்பி வீட்டில் இருக்கிறாள், காலையிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள், முதல் மணியிலேயே எடுத்தாள். "என்னடி, வந்தாரா? எப்படி இருக்கார்?" "வாசல் வரைக்கும் வந்து பாத்துட்டுப் போயிட்டாராம்மா." அம்மாவின் மூச்சு கேட்டது. ஒண்ணும் இல்லம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன், நீ கவலப்படாத, ராத்திரி மாத்திரையைப் போட்டுக்க, எல்லாம் வரிசையாக வாய் வரைக்கும் வந்தது, எத்தனை வருஷமாக அவளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகினது. "அம்மா, எனக்கு அழுகையா வருது. நீ வந்து ரெண்டு நாள் என்கூட இரு" என்றேன். சொல்லி முடித்ததும் பயமாக இருந்தது. தம்பி பையனுக்குப் பரீட்சை என்பாள், மூட்டு வலி என்பாள். "இதோ கெளம்பறேன்" என்றாள் அம்மா. பீரோ கதவு திறக்கிற சத்தம் கேட்டது, துணி எடுக்க ஆரம்பித்துவிட்டாள் போலிருக்கிறது. "எதாவது கொண்டு வரட்டுமா? முறுக்கு மாவு இருக்கு." "ஒண்ணும் வேணாம், நீ வா." "நீ இப்ப எங்க இருக்க?" "ஹோட்டல்லதான். சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்." "அழுதுக்கிட்டே சாப்பிடாதடி. புரையேறும்."

சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். இரண்டாவது வாயிலேயே புரையேறியது. பக்கத்தில் இருந்தவள் இடது கையால் என் உச்சந்தலையில் தட்டினாள், நன்றாகவே தட்டினாள், எதிர் டம்ளரில் இருந்த தண்ணீரை என் பக்கம் நகர்த்தினாள்.

"யாரோ நெனைக்கிறாங்கக்கா" என்றாள்.

"எங்கம்மா" என்றேன்.